ஞாயிற்றுக்கிழமைக் கிறிகோரி

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் இந்தக் கட்டடத்தில் நூலளவு புகை எழும்பினாலும் மேல்வீட்டு எமிலியானா தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்துவிடுவாள். ஆகவே குசினி மின்விளக்கை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். அணைத்தாயிற்று. [திரும்பப் போட்டுவிட்டேன். என் குசினி யன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறப்பது. பகலிலும் எழுத்துத் தெரியாது. இதனால் சத்தியத்துக்குப் பங்கம் இல்லை. கற்பூரத்தையும் திரும்பக் கொளுத்தலாம்தானே.]

கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஒரு மழைநாளைச் சொல்வார்கள், ஒரு முகத்தைச் சொல்வார்கள். என்னுடையது ஒரு சொல்லில் பிறந்தது. அந்தச் சொல் 'ஸி'. இத்தாலியில் 'ஓம்' என்பதற்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். கிருபன் என்கிற மடையன் தன் முதலாளிக்கு அதைச் சொன்னான். அன்றிலிருந்து நான் கோபமாக இருக்கிறேன். இந்தக் கதை முடிகிறபோதும் கோபமாகத்தான் இருப்பேன். ஆறுதலுக்காக வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். நான் இராஜதுரை. முழங்கால் மறுக்கும்வரை இந்தப் பலெர்மோ நகரத்தில் வீடுகள் கழுவினேன். இப்போது ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், ரயில் போனால் கோப்பைகள் தட்டுப்படும் ஒரு மாடிவீட்டில் இருக்கிறேன். அதில் ஓர் அறையைக் கிருபனுக்குக் கொடுத்திருக்கிறேன். கிருபன் லிபெர்த்தாப் பகுதியில் ஒரு பல்வைத்தியரின் வீட்டில் கூட்டித் துடைத்து, உடுப்பு ஸ்திரி போடுகிறவன். அந்தப் பல்வைத்தியரை நாங்கள் 'டொட்டோறே' என்போம். அவரது உண்மையான பெயரை எழுதமாட்டேன். எனக்கும் இரண்டு பல் மீதமிருக்கிறது.

கிருபனின் மனைவி சயந்தினி. கால்சாப் பகுதியில் ஒரு முதிய சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். அங்கேயே தங்கி, அங்கேயே படுத்து எழும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிஞ்ஞோராவின் மகள் வருவாள். அன்று பகல் சயந்தினிக்கு விடுமுறை. ஆக, ஒரே நகரத்தில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கணவன் மனைவி. மற்ற நாட்களில் தொலைபேசி எண்கள்.

இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை. வேறொன்றும் இல்லை. கொலை இல்லை. புதையல் இல்லை.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தொடக்கம் எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன். நான் பட்ட பாட்டை நீங்களும் படுங்கள்.

முதலாவது: 'காலைப் பனி விலக, மொன்றியாலே மலையின் தோளில் சூரியன் மெல்லத் தன் கையை—'

[நிறுத்து. மலைக்குத் தோளும் சூரியனுக்குக் கையும் இருந்தால் அவை இரண்டும் வந்து வீடு துடைக்கட்டும்.]

இரண்டாவது, டொட்டோறேயின் தொலைபேசியில் இருந்து நான் மொழிபெயர்த்தது: 'பலெர்மோவில் புறப்பட்டு மத்தியகால ஊர்களையும் அணைக்கட்டு ஏரியையும் சுற்றித் திரும்பும் இந்தக் கடினமான சைக்கிள் வட்டப்பாதை, தன்னைத் தானே வெல்ல விரும்பும் ஒவ்வொருவருக்கும்—'

[இதில் வீதியைப் பற்றிய தகவல் எல்லாம் சரி. தண்ணீரை யார் சுமப்பது என்று மட்டும் இல்லை.]

மூன்றாவது: 'கிருபன் ஒரு வீரன்.'

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கிருபன் தேத்தண்ணீரோடு பின்னால் வந்து நின்றான்.

"ஐயா, உதை வெட்டுங்கோ."

"ஏனடா?"

"வீரன் எண்டால் எங்கடை ஆக்களுக்கு வேறை மாதிரி விளங்கும். நாளைக்குக் குவெஸ்தூராப் பொலிசிலை விசாப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போகேக்கை எவனாவது உதை மொழிபெயர்த்து வைச்சுக்கொண்டு இருப்பான்."

"அப்ப 'நல்லவன்' எண்டு போடட்டோ?"

"சயந்தி சிரிப்பாள்."

"பேந்து என்னத்தைத்தான் போடுறது?"

"'கிருபன் எண்டு ஒருத்தன்' எண்டு போடுங்கோ. காணும்."

கிருபன் என்று ஒருத்தன். சரி. ஆனால் சிக்கல் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

3

டொட்டோறேக்கு அறுபது வயது கடந்தபின் ஒரு சைக்கிள் மீது காதல் வந்தது. ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள். அதன் விலையை நான் சொல்லமாட்டேன்; எனக்கு நெஞ்சு வருத்தம். ஒரு நாள் அவர் அதை வீட்டு நடைவழியில் நிறுத்திவைத்து, தரை துடைத்துக்கொண்டிருந்த கிருபனைப் பார்த்து, முகம் நிறையச் சிரித்தபடி சொன்னார்:

"லா தொமேனிகா மி ஃபாய் தா கிறெகாறியோ."

'தொமேனிகா' ஞாயிற்றுக்கிழமை. அது கிருபனுக்குத் தெரியும். 'மி ஃபாய்', எனக்குச் செய். அதுவும் தெரியும். கடைசிச் சொல் அவன் காதில் 'கிறிகோரி' என்று விழுந்தது. எங்கள் கத்தோலிக்கர் மத்தியில் கிறிகோரிகளுக்குக் குறைவில்லை. எனவே வசனத்தின் பொருள் அவனுக்கு ஐயம் இல்லாமல் விளங்கியது: ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எனக்குக் கிறிகோரி.

அதாவது, டொட்டோறே அவனுக்குப் புதுப்பெயர் வைக்கிறார்.

"ஸி, டொட்டோறே," என்றான். அவனும் முகம் நிறையச் சிரித்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வரும்போது படிக்கட்டில் எமிலியானா மரக்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தாள். எமிலியானா சிசிலிக்காரி, தமிழ் தெரியாது. ஆனால் இவ்வளவு காலம் அயலில் இருந்ததில் அவள் பேசுவதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"எமிலியானா, இனி எனக்கு ஞாயிற்றுக்கிழமையளிலை வேறை பேர். கிறிகோரி."

"ஆரடா வைச்சது?"

"டொட்டோறே." அவர் சொன்ன வசனத்தை அப்படியே ஒப்புவித்தான்.

எமிலியானா பையைப் படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு கத்தரிக்காய் உருண்டு என் வாசல்வரை வந்தது. பிறகு அவளது சிரிப்பு நின்றது.

"மோனே, அது பேரில்லை. அது வேலை. சைக்கிள் ஓட்டப்போட்டியிலை தலைவன் எண்டு ஒருத்தன் ஓடுவான். அவனுக்குத் தண்ணி காவ, காத்து அடிச்சால் முன்னுக்குப் போய் மறைக்க, அவன்ரை ரயர் வெடிச்சால் தன்ரை ரயரைக் கழட்டிக் குடுக்க ஒருத்தன் ஓடுவான். அவன்தான் கிறெகாறியோ. வெண்டால் தலைவன்ரை பேர் வரும். இவன்ரை பேர் வராது."

கிருபன் கத்தரிக்காயைக் குனிந்து எடுத்தான். நிமிர நேரம் எடுத்தது.

"அப்ப நான் என்னத்துக்கு ஓம் எண்டனான்?"

"ஞாயிற்றுக்கிழமைக்கு," என்றேன் வாசலில் நின்ற நான்.

4

வாசகரே, இந்த இடத்தில் கதையை நிறுத்திவைத்துக் கொஞ்சம் கத்தப்போகிறேன். காதைப் பொத்திக்கொண்டு அடுத்த இலக்கத்துக்குப் போகிறவர்கள் போகலாம்.

தவறாகக் கேட்டதற்காகக் கிருபன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காது யாருக்கும் பிழைக்கும். சரியாகக் கேட்டிருந்தால் 'ஞாயிறு என் மனைவி வரும் நாள்' என்று அவன் சொல்லியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். என் கோபம் வேறு இடத்தில். ஒரு மனிதன் இன்னொரு வளர்ந்த மனிதனிடம் 'நாளையிலிருந்து உனக்கு வேறு பெயர்' என்று சொன்னதாகக் கேட்டு, அது ஒரு சாதாரண காரியமாகப் பட்டு, சிரித்துக்கொண்டு 'ஓம்' சொல்ல ஒருவனால் எப்படி முடிகிறது?

முடிகிறது, ஏனென்றால் இங்கே அது சாதாரண காரியம். மேல்மாடிச் சூசையம்மாவை அவள் வேலை செய்யும் வீட்டில் 'சூசி' என்கிறார்கள். அந்த வீட்டு நாய்க்கும் ஏறக்குறைய அதே பெயர் என்பதால் சாப்பிடக் கூப்பிடும்போது இரண்டு பேரும் போவார்கள். விமலராஜ் 'வித்தோ' ஆனான். இராஜதுரை என்ற ஐந்தெழுத்து நாக்கில் ஏறவில்லை என்று என்னை 'றஃபயேலே' ஆக்கினார்கள். எண்ணிப் பாருங்கள், அதுவும் ஐந்தெழுத்துத்தான்.

*(அந்தக் காலத்தில் நான் சுத்தம் செய்த ஒரு வீட்டில் றஃபயேலே என்ற பெயரில் எனக்குத் தபால்கூட வந்தது. நான் அவனுக்குப் பதில் போட்டேன். நல்ல மனிதன்.)*

லிபெர்த்தா என்றால் சுதந்திரம். பகுதியின் பெயரே சுதந்திரம். காலையில் எங்கள் ஆட்கள் நிறைந்த பேருந்து 'சுதந்திரத்துக்குப் போகிறது' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு போகும். மாலையில் களைத்துப்போய் அங்கேயிருந்து திரும்பி வருவோம். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பெயர் வைத்தவர்களைக் கேளுங்கள்.

மத்தியகாலம் பார்க்க மலை ஏற வேண்டும் என்று டொட்டோறேயின் தொலைபேசி சொல்கிறது. தேவையில்லை. லிபெர்த்தாவில் லிப்ட் ஏறினால் போதும்.

5

இனி வட்டப்பாதை. அந்த இரண்டாவது தொடக்கத்தைப் பார்த்து ஏமாந்து, 'சைக்கிள் எங்கே' என்று காத்திருப்பவர்களுக்காக.

டொட்டோறே ஒற்றைவிரல் சைக்கிளில். கிருபன், டொட்டோறேயின் மகன் படிக்கும் காலத்தில் ஓடி நிலவறையில் போட்டுவைத்த இரும்புச் சைக்கிளில். முதுகில் பை. பையில் தண்ணீர், மழைச் சட்டை, வாழைப்பழம், இரத்த அழுத்தக் குளிசை, மாற்றுச் சப்பாத்து, ஒரு சுடுதண்ணிப் போத்தலில் கோப்பி.

மொன்றியாலே ஏற்றத்தில் காற்று இல்லை. ஆகவே டொட்டோறே முன்னால். அதற்கு மேலே காற்று வந்தது. ஆகவே கிருபன் முன்னால். ஊர் வரும்போதெல்லாம் டொட்டோறே மறுபடி முன்னால் வந்து, பழைய கோவில் முகப்பின் கீழ் நின்று, தொலைபேசியைக் கிருபனிடம் நீட்டுவார். இப்படியாக அந்த மலையில் வீசிய காற்றெல்லாம் கிருபனுக்கும், எடுத்த படமெல்லாம் டொட்டோறேக்கும் வந்து சேர்ந்தன.

கணவாயில் வீசிய காற்றைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்புங்கள், சத்தியம் செய்திருக்கிறேன். டொட்டோறே "தண்ணி தா" என்று சொன்னார். சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. கிருபனுக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சொல் மலையைத் தாண்டி அல்தோபொந்தே ஊருக்குள் போய் விழ, அங்கே ஒரு பெண் பல்கனிக் கதவைத் திறந்து ஒரு செம்பு தண்ணீரை வீதிக்கு ஊற்றினாளாம்.

பிறகு ஏரி. நீங்கள் காத்திருந்த அணைக்கட்டு ஏரி. நீலமாக இருந்தது. போதுமா?

[போதாது என்று கிருபன் சொல்கிறான். "இவ்வளவு தூரம் ஏத்திப்போட்டு ஏரியை வடிவாய்க் காட்டாட்டி என்ன ஐயா?" என்கிறான். சரி.] அது மழை பொய்த்த வருடம். தண்ணீர் உள்ளே உள்ளே ஒதுங்கிப்போய், கரையெல்லாம் வெடித்த சேறு. நகரத்தில் எங்களுக்குக் குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டதுபோல ஏரியில் மீன்களுக்கும் முறை வைத்திருந்தார்கள். தங்கள் முறை வராத மீன்கள் கரையில் பொறுமையாக நின்றன. கிருபன் பையைத் திறந்து டொட்டோறேயின் தண்ணீரில் கொஞ்சம் அவற்றுக்கு ஊற்றினான்.

ஏரிக்கு மேலே பியானா. கடல் கடந்து அல்பேனியாவில் இருந்து வந்தவர்கள் ஐந்து நூற்றாண்டுக்கு முன் உண்டாக்கிய ஊர். வீதிப் பெயரெல்லாம் இரண்டு மொழியில். டொட்டோறே ஒரு கடையில் இருந்து கன்னோலிப் பலகாரம் தின்றார். கிருபன் தண்ணீர்க் குழாயில் போத்தல் நிரப்பினான். வாங்கில் இருந்த ஒரு கிழவர் தன்னுடைய மொழியில் ஏதோ கேட்டார். கிருபன் தமிழில் பதில் சொன்னான். இருவருக்கும் எல்லாம் விளங்கியது.

"எங்கையிருந்து?"

"கடலுக்கு அங்காலையிருந்து."

"வந்து கனகாலமோ?"

"இல்லை, இப்பத்தான்."

"நாங்களும் இப்பத்தான்," என்றார் கிழவர்.

6

எனக்கு டொட்டோறே என்ற பாத்திரத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் பிரதியில் அவருக்கு ஒரு மீசை கொடுத்து, அதை முறுக்கவிட்டு, கிருபனைப் பார்த்து உறுமவிட்டேன். எழுத வசதியாக இருந்தது. ஆனால் உண்மையில் அவர் உறுமுகிற மனிதர் அல்ல. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொடுப்பார். கிருபனின் தாய்க்குக் கண் சத்திரசிகிச்சை என்றபோது நாள்தோறும் விசாரித்தார். கிருபனின் கடைவாய்ப் பல்லைக் காசு வாங்காமல் பிடுங்கினார். "நீ எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்பார்.

அந்த நல்ல மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை ஏதும் இருக்கிறதா?' இத்தாலி மொழியில் இதைக் கேட்க ஒரு மூச்சுக்கூடத் தேவையில்லை. வீட்டுப் பிள்ளையிடம் யாரும் அதைக் கேட்பதில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

மீசையை எடுத்துவிட்டேன். உறுமலையும் எடுத்துவிட்டேன். கெட்டவராக இருந்தபோது அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இருக்கவில்லை.

"போய்ச் சொல்லன்ரா," என்று கிருபனிடம் எத்தனையோ முறை சொன்னேன். "'மனுசி வாற நாள்' எண்டு ஒரு வசனம்."

"சிரிச்சுக்கொண்டெல்லோ ஓம் எண்டு சொன்னனான், ஐயா. இப்ப போய் விளங்கேல்லை எண்டால், இவ்வளவு காலமும் நான் ஓம் எண்டதெல்லாம் விளங்காமல் சொன்னதெண்டு நினைப்பார்."

"நினைக்கட்டுமே."

"அது உண்மை, ஐயா. அதுதான் பயம்."

7

இந்தப் பகுதியை எழுதாமல் விடத்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சயந்தினி காலையிலேயே வந்துவிட்டாள். கிருபன் இல்லை. இருந்து வெங்காயம் உரித்தாள். இறைச்சிக்கறி வைத்தாள். என் சட்டையில் இல்லாத பொத்தானைத் தைத்தாள். பிறகு இந்த மேசையில், நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிற இதே இடத்தில், கையில் தலையை வைத்தபடி நித்திரையாகிவிட்டாள். கிழமை முழுக்கச் சிஞ்ஞோரா இரவில் கூப்பிட்டபடி இருப்பாளாம். இந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

மதியம் திரும்பி நெடுநேரத்துக்குப் பின் கிருபன் வந்தான். கை கழுவினான். நான் அவளை எழுப்பப் போனேன்.

"வேண்டாம் ஐயா. விடுங்கோ."

"நேரம் போகுதடா."

"படுக்கட்டும்."

கதிரையைச் சத்தமில்லாமல் இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தான். அவ்வளவுதான். தொலைபேசி பார்க்கவில்லை. சாப்பிடவில்லை. ரயில் வரும்போது கோப்பைகள் தட்டுப்படாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான்.

அவள் கண் விழித்தபோது போகவேண்டிய நேரம்.

"எப்ப வந்தனீங்கள்?"

"இப்பத்தான்."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்ப வந்தனான். நீ முழிச்சிட்டாய்."

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கறிச் சட்டியைக் காட்டினாள். அவன் படிவரை போய்விட்டு வந்தான். நான் குசினியில் நின்று— நான் குசினியில்—

[இந்த வசனத்தை முடிக்கமாட்டேன். அடுத்த பகுதியை எழுத வைத்தது இதுதான் என்று மட்டும் அறிந்துகொள்ளுங்கள்.]

8

ஏரியைத் தாண்டியபின், அல்தோபொந்தேக்கு இறங்கும் முன், ஒரு கடைசி ஏற்றம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் இந்தக் கதையில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் டொட்டோறே கால் இழுத்துப் புல்லில் விழுந்தார்.

விழுந்தவரைத் தூக்கிவிட்டு ஓர் இத்தாலியன் அம்புலன்சுக்கு அடித்திருப்பான். கிருபன் யாழ்ப்பாணத்தான். ஒரு சைக்கிளும் இரண்டு மனிதரும் இருந்தால் யாழ்ப்பாணத்தான் மூளையில் ஒரு சொல்தான் வரும்: டபிள்ஸ். இரும்புச் சைக்கிளின் முன் பாரில் பல்வைத்தியரைப் பக்கவாட்டாக ஏற்றி இருத்தினான். ஒற்றைவிரல் சைக்கிளைப் பைபோலத் தோளில் கொழுவிக்கொண்டான். ஏற்றம் முழுவதும் உழக்கி ஏறினான். பிறகு இறக்கம்.

இறக்கத்தில் பிரேக்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான்.

"பிரேக்! பிரேக்!" என்று டொட்டோறே கத்தினார்.

"டொட்டோறே, பிரேக் கிறிகோரியிட்டை."

"எந்தக் கிறிகோரி?"

"உங்களோடை வேலைக்கு வந்தவன். அவன் மேலை, முதல் வளைவிலையே இறங்கிப் போட்டான். இப்ப இருக்கிறது கிருபன்."

"நீ பிடி! கிருபன், நீ பிடி!"

முதல்தடவையாக டொட்டோறே அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னார். மரங்கள் பின்னால் பறந்தன. ஒரு பன்றி வேலிக்குள் பாய்ந்தது.

"கிருபனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, டொட்டோறே. லீவு நாளிலை மனுசனுக்கு மனுசன் உதவி செய்யலாம். வேலை நாளெண்டால் கிறிகோரியைத்தான் தேட வேணும். நீங்களே சொல்லுங்கோ. இண்டைக்கு என்ன, வேலையோ லீவோ?"

"லிபெரா!" என்று அலறினார் டொட்டோறே. விடுமுறை, சுதந்திரம், இரண்டுக்கும் பொருந்தும் சொல். "லா தொமேனிகா லிபெரா!"

"வாற கிழமை?"

"லிபெரா!"

"அதுக்கடுத்த கிழமை?"

"லிபெரா! லிபெரா! லிபெரா!"

அல்தோபொந்தேயில் சனங்கள் பல்கனிக்கு ஓடி வந்தார்கள். ஏதோ நாடு விடுதலையாகிவிட்டது என்று நினைத்து ஒரு கிழவி கை தட்டினாள். ஒருவன் தேசியக்கொடியைத் தேடி உள்ளே ஓடினான். கிருபன் ஊர் எல்லையில் மெதுவாகப் பிரேக்கைப் பிடித்தான். சைக்கிள் பூப்போல நின்றது.

9

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபனையும் சயந்தினியையும் வைத்து வாசித்துக் காட்டினேன். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தையும் நான் தின்றேன், எழுத்தாளர்கள் அப்படித்தான்.

சயந்தினி சிரித்துச் சிரித்து மேசையில் விழுந்தாள்.

"இவரோ? இவர் பாரிலை ஆளை ஏத்தினவரோ? ஐயா, உங்கடை புளுகுக்கு ஒரு அளவில்லையோ?"

கிருபன் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். "இறக்கத்திலை இன்னும் கொஞ்சம் வேகமாய் விடுங்கோ, ஐயா," என்றான். "பிரேக்கை ஊருக்குள்ளையும் பிடிக்கவேண்டாம். பலெர்மோவரைக்கும் அந்தாள் கத்தட்டும்."

"சரி, முடிவு?" என்று கேட்டாள் அவள், கண்ணைத் துடைத்தபடி.

என்னிடம் முடிவுகள் இருந்தன. ஒன்றில் டொட்டோறே வாக்கைக் காப்பாற்றுகிறார். அடுத்த ஞாயிறு தானே தண்ணீர் சுமந்து மலை ஏறுகிறார். "உது தேவாரம் படிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள் சயந்தினி. இன்னொன்றில், பாரில் வைத்து வாங்கிய வாக்கு சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டு அவர் வேறு ஒரு கிறிகோரியைத் தேடுகிறார்; கிருபனுக்கு எல்லா நாளும் ஞாயிறு. "வேலை போறதெல்லோ?" என்று கிருபன் நிமிர்ந்தான். "அதைக் கிழியுங்கோ. கதையிலைகூட வேண்டாம்." மற்றொன்றில் இரண்டு பேரும் பியானாவுக்குப் போய், கிழவருக்குப் பக்கத்தில் வீடு எடுத்து—

"ஐயா," என்றாள் சயந்தினி. "எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாய் எழுதித் தாங்கோ. அதிலை ஒண்டும் நடக்கக்கூடாது. மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம்."

எழுதத் தொடங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினேன்:

'ஞாயிற்றுக்கிழமை. சயந்தினி வந்தபோது கிருபன் வீட்டில் இருந்தான். தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது என்று அவள் சொன்னாள். கூடவில்லை என்று அவன் சொன்னான். கடற்கரைப் புல்வெளிக்குப் போனார்கள். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தார்கள். அவனுக்குப் பசித்தது. அவளுக்குப் பசிக்கவில்லை. பிறகு அவளுக்கும் பசித்தது. பிறகு—'

"நேரம் போச்சு," என்று எழும்பினாள். "வாறன் ஐயா. மிச்சத்தை எழுதி வையுங்கோ."

10

எழுதி வைக்கவில்லை. முயன்று பார்த்தேன். அந்தப் 'பிறகு'வுக்குப் பிறகு என் பேனை நகரமாட்டேன் என்கிறது. மீன்களைக் கரையில் வரிசையில் நிறுத்த முடிந்த எனக்கு, இரண்டு பேரை ஒரு புல்வெளியில் பொழுது சாயும்வரை இருத்திவைக்க முடியவில்லை. யாருக்கும் விளங்காத ஒரு கோபம் வந்து காகிதத்தைக் கசக்கினேன். பிறகு நீவி விட்டேன்.

ஆகவே வாசகரே, முடிவு உங்களிடம். நீங்கள் இதை வாசிப்பது பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்; கதை வாசிக்க நேரம் உள்ளவர்களிடம்தான் அந்த நாள் முழுசாக இருக்கிறது. எப்படி ஒரு மனிதன் ஒன்றும் செய்யாமல் மனைவியோடு மாலைவரை இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுங்கள். சீனி கூடியதா குறைந்ததா என்பதையும் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு தகவலை மட்டும் நான் சொல்லிவிட வேண்டும்; நீங்கள் எழுதுகிறபோது பிழை வரக்கூடாது.

கிருபனுக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது. அன்று சொன்ன அந்த 'ஸி'க்காக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டொட்டோறே தனியாக மலை சுற்றித் திரும்பி வரும்வரை லிபெர்த்தாவில் அவர் வீட்டு வாசலில் காத்து நின்று, அந்தச் சைக்கிளைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிட்டு வருகிறான்.